ரய்யான் எண்டா விடாய் தீந்தவன்

தம்பி, நீங்கள் கேட்டது மேலால பாத்தா "ரய்யான் எண்ட பேருக்கு என்ன அர்த்தம்" எண்ட ஒருவரிக் கேள்விதான், ஆனா முழுக்க வாசிச்சா நாலு பக்கத்தால வாற குழப்பம் தெரியுது. குர்ஆனில இல்லாத பேர் வேண்டாமெண்டு உங்கட வாப்பா நிக்கிறார், அது வெள்ளைக்காரன்ர "ரயன்" தானே எண்டு லண்டன் மச்சான் சொல்லுறார், இன்டர்நெட்டில தேடினா ஒரு இடத்தில சொர்க்கத்தின் வாசல், இன்னொரு இடத்தில அழகன், வேற இடத்தில குட்டி ராசா எண்டு கிடக்கு, கடைசியா இப்ப எல்லாரும் வைக்கிற பேராப் போச்சே, நாளைக்கு வகுப்பில நாலு ரய்யான் இருப்பினமோ எண்டு உங்கட மனுசிக்கு யோசனை. பிள்ளை பிறக்க இன்னும் ஒண்டரை மாசம் இருக்கெண்டு எழுதியிருக்கிறீங்கள், அதால ஆறுதலா வாசியுங்கோ, கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன்.

நான் யாழ்ப்பாணச் சோனகத் தெருவில பிறந்தவன், 1990 ஒக்டோபர் 30ம் திகதி புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்க எல்லாரோடயும் வெளிக்கிட்டுப் புத்தளத்துக்குப் போய், அங்கதான் அரபு படிப்பிக்கத் தொடங்கினன், முப்பது வருசத்துக்கு மேல அதுதான் தொழில், இப்ப திரும்பி ஊரோட இருக்கிறன். படிப்பிச்ச நேரம் போக வளைகுடாவுக்கு வேலைக்குப் போறாக்களின்ர பத்திரங்களை அரபுக்கு மாத்திக் குடுக்கிற வேலையும் கனகாலம் செஞ்சனான், அதால பேரெண்ட விசயத்தில அகராதிப் பக்கமும் தெரியும், கந்தோரில வாற தலையிடியும் தெரியும். நான் முப்தி இல்லை. மார்க்கத் தீர்ப்பு வேணுமெண்டா உங்கட பள்ளி ஹஸ்ரத்திட்டக் கேளுங்கோ. மொழி பற்றி மட்டும் என்ர பேச்சை நம்பலாம்.

முதல்ல சந்தேகமே இல்லாத விசயம். ரய்யான் சுத்தமான அரபுச் சொல், அர்த்தம் வயிறாரத் தண்ணி குடிச்சு விடாய் தீந்தவன். அரபியில விடாய்ச்சுப் போனவனை அத்ஷான் எண்டு சொல்லுவினம், அதுக்கு நேர் எதிர்ச்சொல்தான் ரய்யான், பழைய அகராதிகளில ரெண்டும் சோடியாத்தான் நிக்கும். பசியோட இருக்கிறவனுக்கு ஜவ்ஆன், கோவத்தில கொதிக்கிறவனுக்கு கள்பான், எல்லாம் ஒரே அச்சில வார்த்த சொல்லுகள், ஒரு நிலை ஆளுக்குள்ள நிறைஞ்சு ததும்புறதைக் காட்டுற அச்சு அது, அல்லாஹ்வின்ர திருநாமமான றஹ்மானும் அதே அச்சுத்தான். அப்ப ரய்யான் எண்டா சும்மா ஒரு மிடறு குடிச்சவன் இல்லை, போதும் போதும் எண்டு செம்பைக் கீழ வைக்கிறவன். வெப்சைட்டுகளில "தாகம் தீர்ந்தவர்" எண்டு போட்டிருப்பினம், அது பிழையில்லை, ஆனா எங்களிட்ட "தண்ணி விடாய்" எண்ட சொல் இருக்கேக்க அதை விட்டுட்டுத் தாகத்துக்குப் போகத் தேவையில்லை. வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டுகூட இல்லாத ஊர் இது, கிணத்தை நம்பியே சீவிச்ச ஆக்கள் நாங்கள், விடாய் எண்டா என்னெண்டு எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 90ல வெளிக்கிட்டுப் போகேக்க வழியில ஒரு வீட்டுக்காரர் கிணத்தடியில வாளியோட நிண்டு போன சனம் எல்லாத்துக்கும் தண்ணி வாத்துக் குடுத்தவர், ரெண்டு கையையும் ஏந்தி நான் குடிச்ச அந்தத் தண்ணிதான் பிறகு அகராதியில இந்தச் சொல்லை முதல்முதல் பாக்கேக்க ஞாபகத்துக்கு வந்தது. அவர் எங்கட மார்க்கத்து ஆள் இல்லை, பேர் கேக்கவும் நேரமில்லை.

இந்தச் சொல்லின்ர வேர் எழுத்துகள் ரா, வாவ், யா. சட்டப்படி ரவ்யான் எண்டுதான் வரவேணும், ஆனா வாவும் யாவும் பக்கத்தில வந்தா வாவு யாவா மாறி ரெண்டும் ஒட்டிப்போகும், அதாலதான் ய அழுத்தமா, ரெட்டிச்சு வருது. இதை ஏன் சொல்லுறனெண்டா அதே வேரில முளைச்ச மற்றச் சொல்லுகளைப் பாத்தா இந்தப் பேரின்ர பெறுமதி விளங்கும். தண்ணி சுமந்துகொண்டு வாற ஒட்டகத்துக்குப் பழைய அரபியில ராவியா எண்டு பேர். அதே வேரிலதான் ராவி எண்ட சொல்லும் வருது, ஹதீஸை, அதாவது நபியவர்களின்ர சொல், செயல் பற்றின செய்தியை, ஒரு தலைமுறையிட்ட இருந்து அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவர், அவர் கொண்டுவாறது ரிவாயா. நாங்கள் இலங்கையில ஓதுற குர்ஆன் ஆஸிம் இமாமின்ர ஓதலை ஹப்ஸ் அறிவிச்ச முறை, அதாவது ஹப்ஸின்ர ரிவாயா. தண்ணி காவுறவனுக்கும் அறிவைக் காவுறவனுக்கும் அரபி ஒரே வேரைக் குடுத்து வைச்சிருக்கு, இப்பத்தைய அரபியில நாவலைக்கூட ரிவாயா எண்டுதான் சொல்லுறது. ஹஜ்ஜுக்குப் போனாக்களுக்கு இன்னொண்டு தெரியும், துல்ஹிஜ்ஜா 8ம் நாளுக்கு யவ்முத் தர்வியா எண்டு பேர், மினாவிலயும் அரபாவிலயும் தண்ணி இல்லாத அந்தக் காலத்தில மக்காவிலயே குடிச்சு, ஒட்டகங்களுக்கும் குடுத்து, தோல்பைகளை நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்ட நாள். அந்தத் தர்வியாவும் ரய்யானும் ஒரே குடும்பம்.

சரி, சொர்க்கத்தின் வாசல் எண்டது எங்கயிருந்து வந்தது? அது ஹதீஸில இருந்து வந்தது, உறுதியான ஹதீஸ், புகாரி, முஸ்லிம் எண்ட ரெண்டு ஹதீஸ் தொகுப்புகளிலயும் இருக்கு, நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் அவர்கள் அறிவிச்சது. சொர்க்கத்தில அர்-ரய்யான் எண்டு ஒரு வாசல் இருக்கு, மறுமை நாளில நோன்பாளிகள் அதால போவினம், அவையளைத் தவிர வேற ஒருத்தரும் அதால போக ஏலாது, கடைசி நோன்பாளி உள்ளுக்குப் போனவுடன வாசல் பூட்டுப்படும் எண்டு வருது. இன்னொரு அறிவிப்பில சொர்க்கத்துக்கு எட்டு வாசல் எண்டும் அதில ஒண்டுக்குப் பேர் ரய்யான் எண்டும் இருக்கு. ஆனா அர்த்தம் வேற, அந்தப் பேர் இருக்கிற இடம் வேற, இதைத்தான் பேர்ப்புத்தகம் எழுதுறாக்கள் குழப்புறது. யாழ்தேவி எண்ட சொல்லுக்கு என்ன அர்த்தமெண்டு கேட்டா ரயில் எண்டு சொல்லுவீங்களோ? வாசலுக்கு ரய்யான் எண்டு பேர் வந்ததே, விடாயோட இருந்தாக்கள் விடாய் தீரப் போற வழி எண்டதாலதான். நோன்பில பசியும் இருக்கு, விடாயும் இருக்கு, ஏன் விடாயை மட்டும் பேரில வைச்சதெண்டு ஹதீஸ் உரைகாரரும் யோசிச்சிருக்கினம், பசியைவிட விடாய்தான் நோன்பாளிக்குக் கடினம் எண்டது அவையள் சொன்ன ஒரு காரணம். எங்கட சித்திரை வெயிலில நோன்பு பிடிச்சவனுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. ஆனபடியா பிள்ளைக்கு இந்தப் பேரை வைக்கேக்க அந்த வாசலை நினைச்சு வைச்சா அது வடிவான நினைப்பு, கனபேர் அப்பிடித்தான் வைக்கினம், றமழானில பிறந்த பிள்ளையளுக்கு இன்னும் விசேஷமா. அர்த்தம் எண்டு ஆராவது கேட்டா மட்டும் விடாய் தீந்தவன் எண்டு சொல்லுங்கோ.

அழகன் எண்டதிலயும் துளி உண்மை இருக்கு. தண்ணி நல்லாக் கிடைச்ச மரத்தின்ர கொப்பு எப்பிடிப் பசுமையா, செழிப்பா இருக்கும், அதையும் அரபியில ரய்யான் எண்டு சொல்லுவினம், சதைப்பிடிப்பான, வாடாத முகத்துக்கும் சொல்லுவினம். இஸ்லாத்துக்கு முந்தின பெருங்கவிஞர் இம்ரவுல் கைஸ் ஒரு பெண்ணை வர்ணிக்கேக்க சிலம்பு கிடக்கிற இடம் செழிப்பானவள் எண்டு இந்தச் சொல்லின்ர பெண்பால் வடிவமான ரய்யாவைத்தான் போட்டிருக்கிறார். அப்ப செழிப்பானவன் எண்டு சொன்னா சரி, அழகன் எண்டது அதை இழுத்து நீட்டினது. அதே காலத்துக் கவிஞர் லபீத், பிறகு இஸ்லாத்துக்கு வந்தவர், அவரின்ர பேர்போன கவிதையின்ர ரெண்டாவது அடியிலயே அர்-ரய்யான் ஒரு இடத்தின்ர பேரா வருது. அதாவது இது நேத்துக் கண்டுபிடிச்ச ஸ்டைல் பேர் இல்லை, ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முதலே பாலைவனத்து ஆக்களின்ர வாயில இருந்த சொல்.

குட்டி ராசா எண்டதுதான் வேற வீட்டுச் சாமான். உங்கட மச்சான் சொன்ன ரயன் அயர்லாந்துப் பேர், ஓ ரியான் எண்ட குடும்பப் பேரில இருந்து வந்தது, அதைத்தான் குட்டி ராசா எண்டு சொல்லுறவை, அந்த விளக்கமே உறுதியானதில்லை எண்டு அங்கத்தைய பேராராய்ச்சிக்காரரும் சொல்லுவினம். ஐரிஷ் எனக்குப் படிச்ச பாஷை இல்லை, அதால அதுக்குள்ள நான் இறங்கேல்ல. ஆனா ஒண்டு உறுதி, அந்தப் பேருக்கும் அரபு ரய்யானுக்கும் வேரில ஒரு சொந்தமும் இல்லை, காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கேக்குது, அவ்வளவுதான். ராசா எண்டவுடன இன்னொரு விசயம் ஞாபகம் வருது, யூசுப் நபியின்ர காலத்தில எகிப்தை ஆண்ட மன்னனுக்கு அர்-ரய்யான் இப்னுல் வலீத் எண்டு பேர் எண்டு பழைய முஸ்லிம் சரித்திரக்காரர் எழுதியிருக்கினம். குர்ஆன் அந்த மன்னனின்ர பேரைச் சொல்லேல்ல, எகிப்தியக் கல்வெட்டுகளிலயும் அப்பிடி ஒரு பேர் இல்லை, அதால அதைச் சரித்திரமா எடுக்க ஏலாது, ஆனா ரய்யானை ஒரு ஆம்பிளையின்ர பேரா அந்தக் காலத்து அரபிகள் இயல்பா நினைச்சிருக்கினம் எண்டதுக்கு அது சாட்சி.

இனி வாப்பாவின்ர கதைக்கு வருவம், அவரின்ர மனசை நான் மதிக்கிறன், ஏனெண்டா அவர் பேர் எண்டா ஒரு பாரம் எண்டு நினைக்கிற தலைமுறை. ரய்யான் எண்ட சொல் குர்ஆனில இல்லை, அது உண்மை. ஆனா குர்ஆனில இருந்தாத்தான் பேர் எண்டு ஒரு சட்டம் எங்கயும் இல்லை. உமர், உஸ்மான், ஹஸன், ஹுஸைன், கதீஜா, பாத்திமா, இந்த மனிசரில ஒருத்தரின்ர பேரும் குர்ஆனில வரேல்ல. நபித்தோழர்களில பேர் சொல்லிக் குர்ஆனில வாறவர் ஸைத் ஒருத்தர்தான், அதுவும் ஒரே ஒரு இடத்தில, அஹ்ஸாப் எண்ட சூராவில (அத்தியாயத்தில). அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான பேர்கள் அப்துல்லாவும் அப்துர் றஹ்மானும் எண்டு முஸ்லிமில ஹதீஸ் இருக்கு, நபியவர்கள் பாத்தது அர்த்தத்தைத்தான், மாறுசெய்யிறவள் எண்டு அர்த்தம் வாற ஆஸியா எண்ட பேரை மாத்தி ஜமீலா எண்டு வைச்சவர்கள். எகிப்து மன்னன் பிர்அவ்னின்ர மனைவி ஆசியா வேற எழுத்து, வேற பேர், அதைப்போட்டுக் குழப்பிக்கொள்ளாதேங்கோ. வாப்பாவிட்ட இன்னொண்டையும் மெதுவாச் சொல்லிப் பாருங்கோ, அவரின்ர வயசுக்காரர் பெத்த பிள்ளையளில எத்தினை ரிஸ்வான் இருக்கினம்? ரிஸ்வான் எண்ட சொல் குர்ஆனில அல்லாஹ்வின்ர பொருத்தம் எண்ட அர்த்தத்தில வருது, ஆனா சனம் அந்தப் பேரை விரும்பினது சொர்க்கத்தின்ர காவலாளி மலக்கின்ர (வானவரின்ர) பேர் எண்டு கேள்விப்பட்டு. மகன் காலத்தில காவலாளி, பேரன் காலத்தில வாசல், பாதை ஒண்டுதான்.

அப்பிடியும் அவர் குர்ஆனிலயே இருக்கவேணும் எண்டு நிண்டா, ஓசையில கிட்ட வாற பேர் ஒண்டு இருக்கு, ரைஹான். றஹ்மான் சூராவிலயும் வாகிஆ சூராவிலயும் வருது, வாசமுள்ள செடி எண்டு அர்த்தம், இண்டைக்கு அரபு நாடுகளில திருநீற்றுப்பச்சையைத்தான் ரைஹான் எண்டு சொல்லுறது, நோன்பு திறக்கேக்க சர்பத்துக்குள்ள போடுற கசகசா அந்தச் செடியின்ர விதைதான். ஆனா அதை ரிஹான் எண்டு எழுதிப்போடாதேங்கோ, இப்ப கனபேர் அப்பிடித்தான் வைக்கினம், மெல்லிய ஹாவோட ரிஹான் எண்டா அரபியில பந்தயம் அல்லது அடைமானம், பகறா சூராவில கடன் பற்றின வசனத்தில அடைமானம் எண்ட அர்த்தத்தில அந்தச் சொல் இருக்கு. பிள்ளைக்கு அடைமானம் எண்டு பேர் வைக்க ஆரும் நினைக்கிறேல்ல, ஒரு எழுத்தால வாற வினை. குர்ஆனில இருக்கு எண்டதாலயே ஒரு சொல் பேராகாது எண்டதுக்கும் இதுதான் உதாரணம். அதே மாதிரி இப்ப ஓடுற அயான், அல்லாஹ்வின் பரிசு எண்டு போட்டிருக்கிறதை நம்பவேண்டாம், அரபியில அது கண்ணால காணுறது எண்ட அர்த்தம்.

இப்ப மனுசியின்ர யோசனை. ஓம், ரய்யான் இப்ப நல்லா ஓடுற பேர், அதை மறைக்க ஏலாது. எங்கட ஆக்களின்ர பேர்கள் எப்பிடி மாறினதெண்டு பாத்தா இது ஏனெண்டு விளங்கும். பழைய ஆக்கள் அரபுப் பேரைத் தமிழ் நாக்குக்கு ஏத்த மாதிரி வளைச்சுக்கொண்டவை, ஹஸன் அசன், இப்றாஹீம் இபுறாகீம், பாத்திமா பாத்தும்மா, சீறாப்புராணம் பாடின புலவரின்ர பேரே உமறு. அதுக்குப் பிறகு முகைதீன், அப்துல் காதர் எண்டு பெரியாரை நினைச்சு வைச்ச காலம், அப்துல் எண்டு தொடங்கி இறைவன்ர நாமத்தோட முடியிற பேர்கள். 1911ல வண்ணார்பண்ணையில பிறந்து பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின்ர அதிபரா இருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின்ர முழுப்பேர் அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ், ஒரு ஆளின்ர பேருக்குள்ள ஒரு பரம்பரையே இருக்கும். பிறகு ரிஸ்வான், ரியாஸ், இர்ஷாத் எண்டு ஒரு அலை, இப்ப சின்னதா, ரெண்டு அசையில, ஆன் எண்டு முடியிற பேர்களின்ர அலை. ரய்யானுக்கு அதில ஒரு தனிச் சௌகரியம் இருக்கு, தொண்டைக்குள்ளால வாற ஐன், ஹா எண்ட அரபு எழுத்துகள் இல்லை, ளாது எண்ட எழுத்தும் இல்லை, தமிழில கிரந்த எழுத்தே இல்லாமல் எழுதலாம், சிங்கள ரீச்சருக்கும் வாயில வரும், பாரிஸிலயும் லண்டனிலயும் கூப்பிடலாம். அதோட கட்டார் போய்வந்த எங்கட பொடியளுக்கு அர்-ரய்யான் தெரிஞ்ச ஊர், 2022 உலகக்கிண்ணத்தின்ர மூண்டு மைதானம் அந்த நகராட்சிக்குள்ளதான் இருந்தது. பிரான்ஸில வட ஆபிரிக்க வழி வந்த குடும்பங்களுக்குள்ள இது சாதாரணமாப் புழங்குற பேர், 2003ல லியோனில பிறந்து இப்ப பிரான்ஸ் அணிக்கு விளையாடுற ரயான் ஷெர்க்கியைப் பந்து பாக்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஆனா எத்தினையாவது இடம் எண்டு வாற பட்டியல்களைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, நம்பி நிம்மதியடையவும் வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸில 2023ல ஆண் பிள்ளைகளுக்கு முதலாம் இடத்தில வந்த பேர் முஹம்மத், 4661 பிள்ளைகள், அதுவும் இங்கிலிஷில ஒரு எழுத்துக்கூட்டலுக்கு மட்டும். அதே பேரை வேற மாதிரி எழுதினதெல்லாம் வேற பேராக் கணக்கெடுத்துத் தனித்தனி இடத்தில நிக்கும். ரய்யானுக்கும் அதே கதி, ஒரு வை, ரெண்டு வை, கடைசியில ஏ ஒண்டு, ரெண்டு எண்டு நாலஞ்சாப் பிரிஞ்சு போகும், அதால பட்டியலில கீழ கிடந்தாலும் வகுப்பில கூட இருக்கும். எங்கட ஊரில நான் பாத்த அளவில, இது என்ர கண்ணுக்குத் தெரிஞ்ச வட்டம் மட்டும்தான், சின்ன வகுப்புகளில ஒரு வகுப்புக்கு ஒரு ரய்யான் இருக்கிறது சாதாரணம், ரெண்டு இருந்தா ஆச்சரியமில்லை, நாலு நான் காணேல்ல. என்ர அபிப்பிராயத்தைக் கேட்டா, எங்கட வகுப்பில ஒரு காலம் எல்லா ஆம்பிளைப் பிள்ளைக்கும் முன்னுக்கு முஹம்மது இருந்தது, ஒருத்தரும் அதால தொலைஞ்சு போகேல்ல.

பேர் முடிவாகினா எழுத்தில மட்டும் கவனமா இருங்கோ, இது நான் மேசையில இருந்து பாத்துப் பாத்து நொந்த விசயம். ஒரு குடும்பம், பிள்ளையின்ர பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில தமிழில றியான், தடுப்பூசி அட்டையில ரயான், பாஸ்போட்டில இங்கிலிஷில ரியன், தகப்பன் வேலை செய்யிற நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க இது மூண்டும் ஒரே பிள்ளைதான் எண்டு நிரூபிக்க அந்த மனிசன் பட்ட பாடு. அரபியில எழுதேக்க ரா, யா, அலிப், நூன், நாலே எழுத்து, குறி போடாட்டிலும் அரபிக்காரன் ரய்யான் எண்டுதான் வாசிப்பான். சில இடங்களில இங்கிலிஷைப் பாத்து ராவுக்குப் பக்கத்தில இன்னொரு அலிப்பைச் சேர்த்து ராயான் எண்டு அடிச்சுப்போடுவினம், அப்ப பேரின்ர உயிர் போயிடும், அதைத் திருத்தச் சொல்லுங்கோ. தமிழில எங்கட பழைய ஆக்கள் றமழான், றஹ்மான் எண்டு வல்லின ற போட்டு எழுதின வழக்கத்தில றய்யான் எண்டும் எழுதலாம், ர எண்டாலும் சரி, ஏதோ ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு எல்லாப் பத்திரத்திலயும் அதையே எழுதுங்கோ. இங்க பிள்ளை பிறந்து 42 நாளுக்குள்ள பதிய வேணும், அதால ஆஸ்பத்திரிக்குப் போக முந்தியே ஒரு கடதாசியில தமிழிலயும் இங்கிலிஷிலயும் தெளிவா எழுதி வைச்சுக்கொண்டு, பதிவாளருக்கு வாயால சொல்லாமல் அந்தக் கடதாசியைக் குடுங்கோ. இங்கிலிஷில ஆர், ஏ, வை, வை, ஏ, என், ரெண்டு வை கட்டாயம், அப்பிடி எழுதினா ரயன் எண்டு வாசிக்கிற ஆக்களும் குறைவா இருப்பினம்.

கடைசியா ஒண்டு, நீங்கள் கேக்கேல்ல, ஆனா வீட்டில நடக்கத்தான் போகுது. உம்மாவும் வாப்பாவும் பேரைச் சுருக்கி "ரய்யா, இஞ்ச வா" எண்டு கூப்பிடுவினம். அரபியில அது பெண்பால். தமிழில கூப்பிடேக்க கடைசி ன் விழுறது எங்கட நாக்கின்ர இயல்பு, அதால ஒரு பிழையும் இல்லை, ஆராவது அரபு படிச்ச ஆள் வந்து சொன்னா மனசைக் குழப்பிக்கொள்ளாமல் கூப்பிடுங்கோ. மற்றது, வாப்பாவிட்ட முதல்ல ஹதீஸைச் சொல்லாதேங்கோ, விடாய் தீந்தவன் எண்ட அர்த்தத்தைச் சொல்லுங்கோ, பிறகு அந்த வாசலைச் சொல்லுங்கோ. அவரும் 90ல எங்களோட நடந்த ஆளா இருந்தா அது போதும்.